சல்லடையில் தங்கிய உப்பு

நான் வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தபோது அக்கா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வாடி, உங்க கம்பெனி சரக்கைக் கொஞ்சம் வந்து பாரு." இடுப்பில் துண்டோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்களுக்குள் கூச்சமெல்லாம் ஏழு வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்தபோது கட்டு மாற்றியதும், குழாயில் வடிந்த நீரை அளந்து எழுதியதும் நான்தான். வலது பக்கம் அவளுடையது, ஐம்பத்திரண்டு வயதுக்குரிய சரிவோடு இருந்தது. இடது பக்கம் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் செய்தது. முந்தின வாரம்வரை இரண்டுக்கும் கொஞ்சம் ஜாடை வித்தியாசம் இருந்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். அன்று இடது பக்கம் மட்டும் இறுகி, மேல்வரை நிறைந்து நின்றது.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. கனமா இருக்கு. செவ்வாக்கிழமைலேருந்து நீச்சல் டிரஸ் ஒரு பக்கம் பிடிக்குது. நான்தான் குண்டாயிட்டேன்னு நெனச்சேன். ஒரு பக்கம் மட்டுமா குண்டாவாங்க?" என்று சிரித்தாள்.

இடது மார்பின் ஒரு ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மறு ஓரத்தில் இரண்டு விரல்களால் தட்டிப் பார்த்தேன். பதினெட்டு வருடங்களாக ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இதைச் செய்கிற கை இது. உள்ளே இருக்கும் ஜெல் கெட்டியானது. தட்டினால் சற்று யோசித்துவிட்டுத்தான் அசையும். இது யோசிக்கவில்லை. தட்டிய உடனே மறுபக்கம் வந்து கையில் மோதியது. செயற்கை மார்பகத்தைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருந்தது. "ஒண்ணும் இல்ல, எங்கயாவது இடிச்சிருப்ப. எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் நம்பிவிட்டாள். இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சே கிடையாது, என் துரதிர்ஷ்டம்.

அக்கா நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். தண்ணீரைக் கண்டால் அலறுகிற பிள்ளைகளையும், அவர்களைவிட அதிகமாக அலறுகிற அம்மாக்களையும் பதினைந்து நாளில் மிதக்க வைத்துவிடுவாள். கல்யாணம் செய்துகொண்டவர் அவளுக்கு மார்பில் கட்டி வந்த வருடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம். மார்பை எடுத்த பிறகு ஆறு மாதம் அவள் நீச்சல் உடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். ஒருநாள் தையல் விட்டுப்போய் அந்தப் பஞ்சு நழுவி மிதந்து போயிருக்கிறது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து, "மிஸ், இது உங்களுதா?" என்று கேட்டிருக்கிறாள். அதை என்னிடம் நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள் அக்கா. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமல், "ஏண்டி, உங்க ஆபீஸ்ல செய்வீங்களே, அது எனக்கு வெக்க முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு காது கொடுத்துக் கேட்பார்கள். கம்பியின் நுனியில் மார்பக வடிவத்தில் வெள்ளை அச்சு இருக்கும். அதைத் தேன் பதத்திலுள்ள சிலிக்கான் குழம்பில் முக்கி எடுத்து, வடியவிட்டு, காயவைத்து, மறுபடி முக்குவோம். நாலைந்து முறை முக்கினால் தோல் தயார். பிறகு அச்சிலிருந்து உரித்து, பின்பக்கத் துளையை ஒட்டி மூடி, ஊசியால் உள்ளே நிரப்புவோம். உப்புத் தண்ணீர் நிரப்பும் வகை ஒன்று உண்டு. ஓட்டை விழுந்தால் ஒரே நாளில் வற்றிப்போகும், ஆனால் வற்றியது உடனே தெரிந்துவிடும். ஜெல் வகை தொடுவதற்கு நிஜம் மாதிரி இருக்கும், ஆனால் கிழிந்தால் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. உருண்டை வடிவம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலை இல்லை. நீர்த்துளி வடிவம்தான் பார்க்க அழகு. மேலே சரிந்து, கீழே நிறைந்து, உண்மையான மார்பைப் போலவே இருக்கும். ஆனால் அது உள்ளே சுழன்றுவிட்டால் நிறைந்த பக்கம் மேலே ஏறி, பார்க்கிறவர்கள் திடுக்கிடுகிற மாதிரி ஆகிவிடும். சுழலாமல் இருக்க அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்வார்கள். அந்தச் சொரசொரப்பைச் செய்தது நான். கடைசி முக்கலுக்குப் பிறகு பிசுக்கு காயும் முன்பே அச்சின் மேல் உப்பைத் தூவ வேண்டும். அடுப்பில் வெந்த பிறகு தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் உப்பு கரைந்து போய்விடும், அது இருந்த குழிகள் மட்டும் நிற்கும். உடம்பின் சதை அந்தக் குழிகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் எனக்கு உப்பம்மா என்றே பெயர்.

உப்பை மூன்று சல்லடையில் சலிப்போம். கடைசிச் சல்லடையில் விழுவதைத்தான் தூவுவோம். மேலே தங்கிவிடும் பெரிய பரல்களைக் கொட்டிவிடுவோம். ஒருநாள் கை தவறி அந்தப் பெரிய பரல் ஒரு அச்சின் மேல் விழுந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது குழிகள் ஆழமாக இருந்தன, தோலை ரப்பர் கையுறையோடு தடவினால் கையுறை வழுக்காமல் நின்றது. சுழன்றுபோகிறது என்று மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் வந்துகொண்டிருந்த நேரம் அது. நான் ஒரு தாளில் நாலு வரி எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். ‘சல்லடையில் தங்கும் உப்பையே தூவிப் பார்க்கலாம், பிடிப்பு கூடும்.’ டிசைன் இன்ஜினீயர் தானே உப்பு அறைக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தார். சோதனைகள் நடந்தன. பிடிப்பு கூடியது. அந்த வருடத்தின் சிறந்த மேம்பாட்டு யோசனை என்று சான்றிதழ் கொடுத்து, எல்லோரையும் கை தட்டச் சொன்னார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்களிடம், "என் தங்கச்சி ஏதோ கண்டுபிடிச்சிருக்கா" என்பாள்.

அவளுக்கு வைக்க நேரம் வந்தபோது மருத்துவர் இரண்டு வகையைக் காட்டினார். வழவழப்பான உருண்டை ஒன்று, சொரசொரப்பான நீர்த்துளி ஒன்று. "ரெண்டுமே வெக்கலாம், உங்க விருப்பம்தான்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் நீர்த்துளியைக் காட்டினேன். ஊழியர் குடும்பத்துக்கு என்று தொழிற்சாலையே ஒன்று கொடுத்தது. பெட்டியில் கையை விட்டு முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளவில்லை நான். என் கையால் தூவி, என் கையால் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, நாற்பதில் ஒன்றைப் பொறுக்கினேன். அதன் எண் எனக்கு மனப்பாடம். அதுவரை தொழிற்சாலையில் செய்ததிலேயே மிக ஆழமான குழிகள் கொண்டது அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா குளியலறையிலிருந்து கூப்பிட்ட அந்தக் காலைக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்தது. சொரசொரப்பான வகை வைத்துக்கொண்ட சிலருக்கு, பல வருடங்கள் கழித்து அதைச் சுற்றி உருவாகும் சதை உறையில் அபூர்வமான ஒரு புற்றுநோய் வருவதாகவும், சொரசொரப்பு கூடக்கூட அபாயமும் கூடுவதாகத் தெரிவதாகவும், முதல் அறிகுறி திடீரென்று நீர் சேர்ந்து வீங்குவது என்றும் எழுதியிருந்தார்கள். உப்பு அறையைப் பூட்டினார்கள். என்னைத் திரும்பி வரும் சரக்கைச் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அறிகுறி இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை, கவனித்துவந்தால் போதும் என்றும் அதில் இருந்தது. அந்தக் கடைசி வரியை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அபூர்வம், அபூர்வம் என்று பேருந்தில் போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்பது பாதிக் காரணம். சுவரில் தொங்கிய சான்றிதழ் மீதிக் காரணம்.

மருத்துவர் நீரை ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாட்கள் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே பேசினார். அந்தப் புற்றுநோய்தான். உறையோடு நின்றிருந்தால் எடுத்துவிடுவதோடு முடிந்திருக்கும். ஸ்கேனில் அக்குளில் இரண்டு நெறிக்கட்டி தெரிகிறது. உறையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மருந்தும் ஏற்ற வேண்டும்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா ஒருவேளை தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம்."

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, "எடுத்த பிறகு வேற வெப்பீங்களா? வழவழன்னு இருக்கறது? இல்ல வயித்துச் சதையையே எடுத்து வெப்பாங்களாமே?" என்றாள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம், அதெல்லாம் பிறகு யோசிக்கலாம் என்றார் மருத்துவர். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி, பின்னாடி எது வெச்சா நல்லது? நீதானே இதுல ஆளு." கோபமோ கேலியோ எதுவும் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு பார்த்த அதே பார்வைதான். நான் மேசைமேல் கிடந்த ஸ்கேன் காகிதங்களை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடை, கை தவறியது, பெட்டியில் போட்ட நாலு வரி, நாற்பதில் பொறுக்கி எடுத்தது. சொல்லச் சொல்ல என் பேச்சு குழறியது. எங்களோடு காத்திருந்த ஒரு அம்மாள் எழுந்து தள்ளிப்போய் நின்றார். அக்கா கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கேட்டாள். எங்கள் பேருந்து வந்தது, போனது.

"உப்புல என்ன இருக்கு, உனக்கா தெரியும்? நல்லதுன்னுதானே செஞ்ச" என்றாள் கடைசியில். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதிருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. அதற்குள் அவள், "இந்த வியாதி வரும்னு உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"சர்க்குலர் வந்து மூணு மாசம் ஆச்சு."

"மூணு மாசம்."

"அபூர்வம்னு போட்டிருந்தாங்கக்கா. உன்னை எதுக்கு..."

"மூணு மாசமா ஒரே தட்டுல பாதி பாதி சாப்பிட்டிருக்கோம்" என்றாள் அக்கா. "துணி மாத்தறப்பல்லாம் பாத்துட்டுத்தானே இருந்த?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஓரக்கண்ணால் அளந்தேன். அவள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது, ‘இன்றைக்கும் ஒன்றுமில்லை’ என்று எனக்கு நானே டிக் போட்டுக்கொண்டேன். தொழிற்சாலையில் செய்கிற அதே வேலையை வீட்டிலும் செய்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாமல். வேறெதுவும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே, "அந்த ஃபிரேமைக் கழட்டிடு. கட்டிலுக்கு அடியில எல்லாம் வெக்காத. வீட்லயே இருக்கக் கூடாது" என்றாள். அதன்பிறகு அவள் துணி மாற்றும்போது அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். தாழ்ப்பாள் ஏழு வருடங்களாகத் துருப்பிடித்துக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அதை இழுப்பது வீடு முழுக்கக் கேட்டது.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. கட்டு மாற்ற நான் போனபோது, "நர்ஸைக் கூப்பிடு" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகும் பக்கத்துத் தெரு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலி வந்து செய்துவிட்டுப் போகிறாள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது. இரண்டாவது மருந்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நெறி அப்படியே இருந்தது. மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார்கள். அக்கா என்னிடம் பேசாமல் இல்லை. மாத்திரை எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா, மழை வருது துணியை எடு, எல்லாம் பேசுகிறாள். ‘டி’ மட்டும் போய்விட்டது. நீச்சல் உடையும் விசிலும் குளியலறைக் கொக்கியில் இன்னும் தொங்குகின்றன. அவளும் எடுக்கவில்லை, நானும் தொடவில்லை. குளத்திலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்தது, மூன்றாவது முறை வேறு ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

நேற்று காலை என் மேசைக்கு மூன்று ஜாடிகள் வந்தன. மருத்துவமனைகள் எடுத்துவிட்டு ஆய்வுக்காகத் திருப்பி அனுப்புபவை இப்படித்தான் வரும், மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டு. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இரண்டாவது ஜாடியின் எண்ணைப் படித்ததும் மறுபடி படிக்கத் தேவைப்படவில்லை. உறையை மருத்துவமனை ஆய்வகம் வெட்டி எடுத்துக்கொண்டதுபோக மீதி இருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். பக்கத்து மேசைக்காரி டீக்குப் போயிருந்தாள், வந்ததும் வாங்கிக்கொண்டிருப்பாள். நான் கொடுக்கவில்லை. இத்தனை நாள் கழித்து அக்கா என்னைத் தொடவிட்டது இதை மட்டும்தான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது.

எடை பார்த்தேன். கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். இல்லை. ஜெல் தெளிவாக இருந்தது. முன்பக்கம், நீர் சேர்ந்திருந்த பக்கம், சதை முழுக்கக் கழன்று குழிகள் தெரிந்தன. பின்பக்கத்தைத் திருப்பினேன். நெஞ்சோடு ஒட்டியிருந்த பக்கம் அது. வெளுத்த மெல்லிய சதை ஒரு இடம் விடாமல் படர்ந்திருந்தது. பிரஷால் தேய்த்தேன். போகவில்லை. உப்பைத் தேய்ப்பது மாதிரியே, உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாக, வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்தேன். என் உப்பு கரைந்து விட்டுப்போன குழி ஒவ்வொன்றுக்குள்ளும் அக்கா இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

டிசைன் இன்ஜினீயர் அந்தப் பக்கமாக வந்தார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. புதிதாக வழவழப்பு வகைக்கு ஏதோ வலைப்பை மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அடடா, பின்பக்கத்தைப் பாருங்கம்மா. ஏழு வருஷம் ஆகியும் என்ன பிடி!" என்றார். உண்மையாகவே வியந்துதான் சொன்னார், நல்ல மனுஷன். "இந்தப் பிடிப்பு வேணும், ஆனா அந்த வியாதி வரக் கூடாது. அதுக்கு ஏதாவது தோணுதா உங்களுக்கு? உங்க கைதான் ராசியான கையாச்சே." ஒன்றும் தோன்றவில்லை சார் என்றேன். அவசரமில்லை, யோசித்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிவத்தை இழுத்துக்கொண்டேன். வடிவம், சரி. தோல், சேதமில்லை. சுழற்சி, இல்லை. சதை ஒட்டுதல், பின்பக்கம் என்ற வரியில் மூன்று கட்டங்கள் இருந்தன. இல்லை, பகுதி, முழுமை. முழுமைக்கு நேராகப் பேனாவை வைத்தேன். அழுத்திப் போட்டதில் டிக் கட்டத்தைத் தாண்டி ஓடியது, எழுத்துகளின் மேல் கோடு விழுந்தது.

கடைசியாக ஒருமுறை கழுவி ஜாடியில் போட வேண்டும். தொட்டியில் தண்ணீர் பிடித்து அதை உள்ளே விட்டேன். அடிக்குப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாகத் திரும்பி, சதை படர்ந்த பக்கம் மேலே தெரிய, தண்ணீர்மட்டத்தில் வந்து நின்றது. இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு அதை ஏந்தி எடுத்தேன். விரல் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் வடிந்து தீர்ந்தது. இதை யாரிடம் கொண்டுபோய் உங்களுதா என்று கேட்பது எனத் தெரியாமல், நீட்டிய கைகளோடு தொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தேன்.